இன்னும் பிறக்காதவளாக நான் பேசிய பிற்பகல்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது என் நாத்தனார் மகள், தாய் போன பிறகு என்னிடம் வந்தவள். ஐந்து பேரும் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறார்கள்.

இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மீதி எழுத்தெல்லாம் பனியன் கம்பெனியில் கட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துப் பார்த்து நானாகப் பிடித்துக்கொண்டது. இருபத்தாறு வருடம் செக்கிங் வேலை செய்தேன். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. நான் பார்த்து அனுப்பிய கட்டிலிருந்து ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

இதை என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப்பக்கம் வரும். அவசரமும் இல்லை. எழுத்துப் பிழையைத் திருத்தி நல்ல தாளில் எழுதித் தருவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள். பிழையைத் திருத்து, நான் சொன்னதைத் திருத்தாதே என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடு வீரபாண்டியில் இருக்கிறது. கணியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது வீட்டைச் சுற்றி எங்கள் விவசாயக் காடு இருந்தது. இப்போது இருபத்தைந்து சென்ட் மிச்சம், அது என் பேரில் இருக்கிறது. முன்னால் வீடு, பக்கவாட்டில் வாடகைக்கு விட்ட ஐந்து லைன் வீடுகள், பின்னால் காலி இடம். காலி இடத்தின் நடுவில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றை மூடுவதா வேண்டாமா என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

என் இரண்டாவது மகன் என்னோடு இருக்கிறான், பேத்தி அவன் மகள். வீட்டின் முன்கூடத்தில் ஆறு மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறான். இன்னும் நான்கு மிஷின் வாங்கி, வைக்க இடமில்லாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தான். பின்னால் ஷெட் போட வேண்டும் என்றான். இஞ்சினியர் பிளான் போட்டுக் கொடுத்தார். அதில் கிணறு இல்லை. கிணறு இருக்கும் இடத்தில் அயர்னிங் டேபிள் இருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா டிப்பர வரச்சொல்லி மண்ணடிச்சுருவேம்மா," என்றான்.

சரி என்றுதான் சொன்னேன். அந்தத் தண்ணீரைத் தொட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு காலத்தில் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறியது. மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அன்றோடு விட்டோம். நல்ல நாள் பார்த்துக் கையெழுத்துப் போடலாம் என்று பிளானைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் அந்த மூன்று பேரும் வந்தார்கள். ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தண்ணீரைப் பற்றிப் படித்தவர். இன்னொருவர் மெட்ராஸ்காரப் பெண்மணி. குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன, எப்படிப் பிரிகின்றன, எதற்காக ஊர் மாறுகின்றன என்று ஆராய்கிறவர். மூன்றாவது படம் வரைகிற பெண், என் பேத்தியைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். இந்த ஊர் இன்னும் ஐம்பது வருடம் கழித்து எப்படி இருக்கும், எப்படி இருந்தால் நல்லது என்று சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். தெருவில் மூடாமல் கிடக்கிற கிணறு எது என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். எங்களுடையது ஒன்றுதான் மிச்சம்.

லைன் வீட்டில் தூத்துக்குடிப் பக்கத்து டெய்லர் ஒருத்தி குடியிருக்கிறாள். வாய் சும்மா இருக்காது. அவள் என் காதருகே வந்து, "பாட்டி, குறி சொல்லுத ஆளுவளா இருக்கும். கைய நீட்டிராதீய," என்றாள்.

எனக்கும் அதே சந்தேகம். நேராகவே கேட்டேன். "ஏனுங்க, நீங்க சோசியக்காரருங்களா?"

தண்ணீர்க்காரர் சிரித்தார். "சோசியக்காரன் இதான் நடக்கும்னு சொல்லுவாம்மா. நாங்க இதும் நடக்கலாம், அதும் நடக்கலாம், உங்களுக்கு எது வேணும்னு கேக்குதோம்."

"அதுக்குத் தண்ணி படிச்ச நீங்க போதாதுங்களா? படம் வரையற அம்மிணி எதுக்குங்க?"

"தண்ணி எவ்வளவு இருக்கும்னு நான் கணக்குப் போடலாம். அதக் குடிக்கப் போறவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதுல்லா."

இது எனக்கு உடனே விளங்கியது. ஒரு பனியனை ஒரு ஆள் செய்து முடித்ததை நான் பார்த்ததே இல்லை. நூல் ஒரு இடம், துணி பின்னி ஓட்டுவது ஒரு இடம், சாயம் ஒரு இடம், வெட்டுவது, தைப்பது, பிசிறு வெட்டுவது என்று கை மாறிக்கொண்டே வரும். வரப்போகிற காலமும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஒரு நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கினார். தண்ணீரைத் தொட்டதும் அது கீ என்று கத்தியது. அறுபத்தெட்டு அடி. பிறகு ஒரு சின்னக் குடுவையில் தண்ணீர் எடுத்து, பேனா மாதிரி ஒன்றை அதில் முக்கி, தெரிகிற எண்ணைப் பார்த்தார். உப்பு எவ்வளவு என்று அது காட்டுமாம்.

"கெட்ட தண்ணிதானுங்களே," என்றேன்.

"இன்னைக்குக் கெட்டதுதான். போன வருசம் இத விடக் கூடவா கொறைச்சலான்னு யாருக்குத் தெரியும்? அளந்தாத்தானே. மாசம் ஒரு தடவ அளந்து எழுதி வச்சா, இந்த மண்ணு தன்னத்தானே கழுவிக்கிடுதா இல்லையான்னு தெரியும்."

"எத்தன மாசத்துக்குங்க?"

"நான் இருக்க வரைக்கும். பெறவு வேற ஆளு."

தன் ஆயுசுக்குள் முடியாத வேலையை ஒருவர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கிணற்றை மூடப்போகிறோம் என்று சொன்னேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூட வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம் இருக்கிறது, மகனையும் கூட்டிக்கொண்டு வாங்க என்று மட்டும் மெட்ராஸ் அம்மா சொன்னார்.

போனோம். கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போடுகிற மேசைகளில் எட்டை விரித்து, ஒவ்வொன்றிலும் வரைகிற தாளும் கலர் பென்சிலும் வைத்திருந்தார்கள். டெய்லர்கள், கட்டிங் மாஸ்டர்கள், எங்களைப் போல இடம் வைத்திருப்பவர்கள், ஒடிசாவிலிருந்து வந்த நான்கைந்து பெண்கள் என்று எல்லாரும் கலந்து உட்கார்ந்தோம். ஐம்பது வருடம் கழித்து ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று உங்கள் மனதில் தோன்றுவதை வரையுங்கள் என்றார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று காட்ட, படம் வரைகிற பெண் தான் வரைந்த ஒன்றைச் சுவரில் ஒட்டினாள். ஒரு ஆறு, இரண்டு பக்கமும் மரம், மூன்று வீடு, ஓரத்தில் ஒரு நீலச் சைக்கிள்.

ஒரு மணி நேரம் ஒருவரும் நிமிரவில்லை. எங்கள் மேசையில் இருந்த கட்டிங் மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் இருந்த படத்தை அளந்து வந்தார். கூட்டம் நடத்திய மூன்று பேரும் மலைத்து நின்றார்கள்.

எனக்கு வரைய வராது. எழுந்து எட்டு மேசையையும் சுற்றி வந்தேன். கண் தன் பழைய வேலையைத் தானாகச் செய்தது. சுவரில் இருந்த சைக்கிளுக்கு சீட் இல்லை. அந்தப் பெண் அவசரத்தில் விட்டிருக்கிறாள். எட்டு மேசையிலும் ஆறு, எட்டிலும் மரம், எட்டிலும் மூன்று வீடு. எட்டு சைக்கிளுக்கும் சீட் இல்லை.

"அம்மிணி, எட்டும் ஒரே டேமேஜுங்க," என்று சொன்னேன்.

அந்தப் பெண் ஒவ்வொரு மேசையாக ஓடிப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது அவளுக்கு. "நான் ஒரு உதாரணத்துக்குத்தானே ஒட்டினேன்," என்றாள்.

கட்டிங் மாஸ்டருக்குக் கோபம். "சாம்பிள் குடுத்தா சாம்பிள் மாதிரித்தானுங்க வரும். ஒரு நூல் மாறுனாக்கூட சரக்கு வாங்கற பையர் திருப்பி அனுப்பீருவான். சரி, இதுக்கு பையர் யாருங்க? அதச் சொன்னா அதுக்குத் தக்கன செய்யறோம்."

மெட்ராஸ் அம்மா பதில் சொன்னார். "பையர் இன்னும் பொறக்கலைங்க."

"பொறக்காத ஆளுக்கு எப்படீங்க அளவெடுக்கறது?"

மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் அந்தக் கேள்வியே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ரசத்தை எப்போது ஊற்றினார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு படத்தையெல்லாம் சுருட்டிவிட்டு வேறு மாதிரி செய்தார்கள். மண்டபத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி இன்றைக்கு இருக்கிறவர்கள். மறு பாதி ஐம்பது வருடம் கழித்து இதே ஊரில் இருக்கப்போகிறவர்கள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் மஞ்சள் பனியன். அதைப் போட்டுக்கொண்டால் அப்போது இருக்கிற ஆளாகவே பேச வேண்டும். சொந்தப் பேச்சுப் பேசக் கூடாது.

எனக்கு மஞ்சள் வந்தது. "நான் போய்ச் சேந்த பொறகு நடக்கறதுக்கு நான் எப்படீங்க பேசுவேன்," என்று திருப்பிக் கொடுத்தேன். மெட்ராஸ் அம்மா வாங்கவில்லை. "நீங்களா இருக்க வேண்டாம். உங்க வம்சத்துல ஒருத்தியா இருங்க," என்றார்.

சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டேன். எக்ஸ்எல், தோள்பட்டைத் தையல் சுத்தமாக இருந்தது. தூத்துக்குடிக்காரி எதிர்ப்பக்கத்திலிருந்து, "பாட்டிக்கு வயசு கொறஞ்சிட்டு. இனி மாப்பிள்ள பாக்க வேண்டியதான்," என்றாள்.

யாராக இருப்பது என்று யோசித்தேன். என் பேத்திக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கு ஒரு மகள் பிறப்பாள். ஐம்பது வருடம் கழித்து அந்த மகளுக்கு நாற்பது இருக்கும். அவளாக இருக்கலாம் என்று முடிவு செய்தேன். பேச வேண்டிய விஷயமாக அவர்கள் கொடுத்தது, பாழாகிப் போன கிணறுகளை மூடுவது சரியா என்பது. இன்றைய ஆட்கள் பக்கத்தில் முன்வரிசையில் என் மகன் உட்கார்ந்திருந்தான்.

என் பேத்தியின் மகளுக்கு அவன் என்ன உறவு? தாயைப் பெற்ற அப்பன். எழுந்து நின்று, எங்கள் பக்கத்தில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிட்டேன்.

"ஏனுங்க அப்புச்சி."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. நாற்பத்தெட்டு வருடம் டேய், சாமி என்று கூப்பிட்ட வாயால் அவனுக்கு மரியாதை வைத்துப் பேசியது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் கூப்பிட்ட பிறகு எனக்குள் ஏதோ இடம் மாறியது. அவனைத் தெரியாதவளாக, ஆனால் அவனிடம் கேட்க உரிமை உள்ளவளாக நின்றேன்.

"நம்மூட்டுக்குப் பின்னால ஒரு கெணறு இருந்துதுன்னு சொல்றாங்க. அத எதுக்குங்க அப்புச்சி மூடுனீங்க?"

அவன் எழுந்தான். "தண்ணி கெட்டுப்போச்சுங்... கெட்டுப்போச்சு கண்ணு."

என்னைக் கண்ணு என்றான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் வாயில் தானாக வந்தது.

"யாருங்க கெடுத்தது?"

"ஒருத்தரச் சொல்ல முடியாது. சாயத்தண்ணி வந்துது. ஊரே கெடுத்துது." கொஞ்சம் நிறுத்தி, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு, "எங்கம்மாவே கட்டிங் வேஸ்ட்டக் கூடைகூடையா அள்ளிக் கொட்டுனாங்க," என்றான்.

இந்தத் தடவை சிரிப்பு என் மேல் விழுந்தது. ஆனால் அவன் சொன்னது நிஜம். தண்ணீர் கெட்ட பிறகு ஏழெட்டு வருடம், வீட்டில் தைத்து மிஞ்சிய துணியை எடுத்துக்கொண்டு போக ஆள் வராத நாளில் எல்லாம் நான் கிணற்றில்தான் கொட்டினேன். தண்ணீர்க்காரரிடம் இதை நான் சொல்லியிருக்கவில்லை. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன். மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு எப்படி உட்காருவது?

"அவிங்கள எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "அவிங்க கொட்டுனது தப்பு. நீங்க சொல்லுங்க அப்புச்சி. மண்ணடிக்கறதுக்கு முன்னால ஒருக்கா அளந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப இன்னும் கெட்டே கெடக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் அப்படித்தான் நிற்பான்.

"தெரியாது கண்ணு," என்றான்.

மாலை வண்டியில் வீடு திரும்பினோம். வாசலில் இறங்கியதும் அவன், "நாலு பேருக்கு முன்னால என்னய மடக்கீட்டீங்க," என்றான்.

"நான் எங்க மடக்குனேன்? அது உன்ற பேத்தி."

"அவ இன்னும் பொறக்கவே இல்ல."

"பொறந்தாக் கேப்பால்ல."

பேத்தி வீட்டுக்குள்ளிருந்து வந்து பனியனைத் தொட்டுப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு ஒரே குஷி. "அப்ப நீங்க எனக்கு மகளுங்களா அப்பாயி? போய்க் கை கால் கழுவீட்டு வந்து படிக்க உக்காருங்க," என்றாள். அவள் அப்பனுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்க்காரருக்குப் பேத்தியை விட்டுப் போன் போடச் சொன்னேன். துணி கொட்டியதை முதலில் சொன்னேன். கோபிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு கேட்டேன்: தண்ணி என்றைக்காவது நல்லாகுமா?

"தெரியாதும்மா," என்றார்.

நல்லாகும் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆகாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். இவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொன்னதுதான் என்னை விடவில்லை. விரித்துப் பார்க்காமல் ஒரு பீஸை நல்லது என்றும் கட்டியதில்லை, டேமேஜ் என்றும் ஒதுக்கியதில்லை. இதை மட்டும் பார்க்காமல் எப்படி ஒதுக்குவது?

மகனைக் கூப்பிட்டு, பிளானைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "கெணறு இருக்கற மாதிரி வேற போட்டுட்டு வா சாமி. அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

"ரெண்டு மிஷினுக்கு எடம் போயிரும்மா."

"போகும்."

"ரெண்டு மிஷின்னா ரெண்டு டெய்லருக்கு வேலை. அவிங்களும் இன்னைக்கு இருக்கறவிங்கதான? பொறக்காதவிங்களுக்கு இவ்வளவு பாக்கறீங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவன் கேட்டது நியாயம் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பதினோரு நாள் நான் சாப்பிடும் நேரத்துக்கு அவன் சாப்பிட வரவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு தாளைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். ஷெட்டின் ஒரு மூலையை மடக்கி, கிணறு வெளியே நிற்கிற மாதிரி போட்டிருந்தது. நான் ஒவ்வொரு எழுத்தாக என் பெயரை எழுதி முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தான். இடமில்லாமல் போன இரண்டு மிஷினைத் தன் தம்பி நடத்தும் தையல் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டான்.

இப்போது ஷெட் ஓடுகிறது. அமாவாசைக்கு அமாவாசை நான் நாடாவை இறக்குகிறேன். நாள் மறக்காமல் இருக்க அமாவாசையை நானே வைத்துக்கொண்டேன். தண்ணீர்க்காரர் நாடாவையும் பேனாவையும் என்னிடமே விட்டுப் போயிருக்கிறார். எண் எனக்கு நன்றாக வரும். ஏழு தடவை அளந்து நோட்டில் எழுதிவிட்டேன். ஒரு மாதம் உப்பு குறைந்தது. மழைக்குப் பிறகு இன்னும் குறைந்தது. அடுத்த மாதம் ஏறியது. ஏன் ஏறியது என்று கேட்டேன். ஏழு எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, குறைந்தது எழுபது வேண்டும் என்கிறார். எழுபது மாதம் அளக்கிற வரைக்கும் இருப்பேனா தெரியாது. இருக்க ஆசையாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் எனக்கு அடுத்த மாதத்தின் மேல் இப்படி ஒரு ஆர்வம் வரும் என்று நினைத்ததில்லை.

மெட்ராஸ் அம்மா போன மாதம் வந்தபோது, வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் பின்னால் அளக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது, இந்தக் கிணற்றைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதி நோட்டோடு வையுங்கள் என்றார். அதனால்தான் எழுதினேன். தண்ணீர் மாறிய விதம், நான் துணி கொட்டியது, மகன் கேட்ட கேள்வி எல்லாம் இதில் இருக்கிறது. அளக்கப் போகிறவர் யாராக இருந்தாலும், அடியில் துணி கிடக்கிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் எனக்கு உறுத்தல். மகன் பேசியதை என் பக்கம் சாய்த்து எழுதியிருப்பேனோ என்று. மண்டபத்தில் எல்லாரும் என்னைத்தான் பாராட்டினார்கள். அவன் இழந்தது இரண்டு மிஷின். அவன் ஒரு தடவை காதால் கேட்காமல் இதை நோட்டுக்குள் வைக்க மனம் வரவில்லை.

பேத்தி காலேஜ் விட்டு வந்து பையை இறக்கி வைத்துவிட்டாள்.

"கண்ணு, இங்க வந்து உக்காரு. மொதல்ல இருந்து ஒருக்கா படி. இரு, அதுக்கு முன்னால உங்கப்பன மிஷின நிறுத்தீட்டு வரச் சொல்லு. அவன் சொன்னது ஒண்ணாச்சும் மாறியிருந்தா இப்பவே சொல்லட்டும், திருத்திக்கலாம். ம், சத்தமாப் படி."